கேடயம் சொந்தச் செலவு: பண்டைய கிரேக்கக் குடிமக்கள் போரிட்ட விதம்

திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் வரும் கிரேக்க வீரனுக்கு வெற்று மார்பு, சிவப்புப் போர்வை, பிறந்ததிலிருந்தே வாள் சுழற்றியவன் போன்ற தோரணை. உண்மையான கிரேக்கப் படைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் பார்லி விதைத்தவர்கள், ஒலிவ மரமும் திராட்சைத் தோட்டமும் வைத்திருந்தவர்கள். கோடையில் அழைப்பு வந்தால் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போர் முடிந்ததும், உயிரோடு இருந்தால், வயலுக்குத் திரும்பினார்கள்.

பயிற்சி ஏறக்குறைய இல்லாத இந்த மனிதர்கள் எதிரியின் ஈட்டி முனைக்கு முன்னால் ஓடாமல் நின்றது எப்படி? தனிமனித வீரத்தை வைத்து இதற்குப் பதில் சொல்வது கடினம். அவர்கள் கையிலிருந்த கேடயத்தையும், வலப்பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரையும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த ஹாப்லைட்?

கிரேக்கம் என்று ஒரே நாடு அன்று கிடையாது. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ், ஆர்கோஸ் என நூற்றுக்கணக்கான நகர அரசுகள் இருந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை இவற்றின் முதன்மைப் படை, கனமான கவசமும் ஈட்டியும் தாங்கிய காலாட்படைதான். அந்த வீரருக்கு ஹாப்லைட் என்று பெயர். போர்க்கருவிகளைக் குறிக்கும் ‘ஹோப்ளா’ என்ற சொல்லிலிருந்து வந்தது இது. ‘கருவி உடையவர்’ என்று பொருள் கொள்ளலாம்.

அந்த ‘உடைமை’தான் முக்கியம். அரசாங்கம் ஆயுதம் தராது. வாங்கும் வசதி உள்ளவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாலமிஸ் தீவில் குடியேறியவர்கள் பற்றிய, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஏதென்ஸ் கல்வெட்டு, 30 டிராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) பெறுமானமுள்ள ஆயுதங்களை அவரவரே வைத்திருக்க வேண்டும் என்கிறது.

ஆகவே யார் எங்கே போரிடுவது என்பதைச் சொத்து தீர்மானித்தது. கி.மு. 594 வாக்கில் சட்டம் வகுத்த சோலோன் ஏதென்ஸ் மக்களை ஆண்டு விளைச்சலைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். அளவை ‘மெடிம்னோஸ்’, சுமார் 52 லிட்டர் கொள்ளும்.

1. 500 மெடிம்னோஸும் அதற்கு மேலும் விளைவிப்பவர்கள்: பெருஞ்செல்வர்கள்.
2. 300க்கு மேல்: குதிரை வளர்க்க முடிந்தவர்கள்.
3. 200க்கு மேல்: ‘சியூகிடாய்’, அதாவது நுகத்தடிக்காரர்கள்.
4. அதற்கும் கீழே: ‘தீட்டிஸ்’, கூலிக்காரர்களும் துண்டு நிலக்காரர்களும்.

மூன்றாம் வகுப்பின் பெயருக்கு அறிஞர்கள் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஏர் உழ ஒரு ஜோடி மாடு வைத்திருப்பவர் என்பது ஒன்று. படை வரிசையில் பக்கத்து ஆளோடு நுகத்தில் பூட்டியதுபோல் பிணைந்து நிற்பவர் என்பது மற்றொன்று. எது சரியானாலும், ஏரும் ஈட்டியும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

படைக்குக் கூப்பிடுவதும் எளிமையான ஏற்பாடுதான். 18 முதல் 59 வயது வரையிலான குடிமக்கள் கடமைப்பட்டவர்கள். ஏதென்ஸில் பத்துக் குலப்பிரிவுகள் இருந்தன. சந்தைவெளியில் அந்தந்தக் குலத்தின் மூதாதை வீரனின் சிலை அருகே பட்டியல் ஒட்டப்படும். மூன்று நாள் உணவைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். கி.மு. 421இல் அரங்கேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இதைக் குத்திக் காட்டுகிறார். கிராமத்து ஆள் ஒருவன் பாண்டியோன் சிலைப் பக்கம் வருகிறான். நாளை புறப்பாடு என்ற பட்டியலில் தன் பெயர் இருப்பதை அப்போதுதான் பார்க்கிறான். அவன் இன்னும் உணவுகூட வாங்கவில்லை. அதிகாரிகள் பெயர்களை அடிப்பதும் சேர்ப்பதுமாக விளையாடுகிறார்கள், அதில் அடிபடுவது கிராமத்தான்தான் என்பது நாடகத்தின் புகார். பட்டியல் குளறுபடி இவ்வளவு பழையது.

சாக்ரடீஸும் இப்படிப் போனவர்தான். பொட்டிடீயா, டீலியம், ஆம்ஃபிபோலிஸ் ஆகிய மூன்று களங்களில் ஹாப்லைட்டாக நின்றார். டீலியம் போரின்போது அவருக்கு ஏறத்தாழ 45 வயது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் ‘வன்கண் யவனர்’ இவர்கள் அல்லர். யவனர் என்ற சொல் அயோனியக் கிரேக்கரின் பெயரிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அந்தக் காவலர்கள் பல நூற்றாண்டு பிந்தியவர்கள், கூலிக்குக் காவல் நின்றவர்கள். நாம் பேசும் ஹாப்லைட் தன் ஊருக்காகத் தன் செலவில் நின்றவர்.

எல்லாவற்றுக்கும் காரணமான கேடயம்

தலைக்கவசம், மார்புக்கவசம், கணைக்கால் கவசம், 2 முதல் 2.5 மீட்டர் நீள ஈட்டி, இடுப்பில் குட்டை வாள் ஆகியவை வழக்கமான உருப்படிகள். ஈட்டியின் அடிமுனையில் வெண்கலக் கூர் ஒன்று இருக்கும். அதற்கு ‘பல்லிக்கொல்லி’ என்று பொருள்படும் பெயர். ஈட்டியைத் தரையில் ஊன்றி வைக்க உதவும், முனை முறிந்தால் திருப்பிக் குத்தவும் உதவும். மொத்த எடை 30 கிலோவைத் தாண்டும் என்று பழைய நூல்கள் எழுதின. இப்போதைய ஆய்வாளர்கள் பலர் அதைக் கணிசமாகக் குறைத்துச் சொல்கிறார்கள். எல்லோரிடமும் எல்லாம் இருந்ததும் இல்லை. பணம் இருந்தவர் வெண்கலம் அணிந்தார், இல்லாதவர் மார்புக்கவசம் இல்லாமலேயே வந்தார்.

எதைத் தவிர்த்தாலும் கேடயத்தைத் தவிர்க்க முடியாது. ‘ஆஸ்பிஸ்’ என்ற இந்தக் கேடயம் சுமார் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், எடை 6 முதல் 8 கிலோ. மரத்தில் குடைந்து செய்த ஆழமான தாம்பாளம் போலிருக்கும். வெளிப்புறம் மெல்லிய வெண்கலத் தகடு. உட்புற நடுவில் வெண்கலப் பட்டை ஒன்று வளைந்திருக்கும். இடது கையை அதற்குள் முழங்கை வரை நுழைத்து, விளிம்போரக் கயிற்றை விரல்களால் பிடிக்க வேண்டும். குழிந்த உட்புறத்தில் இடது தோள் நுழைந்துகொள்ளும். விளிம்பு தோளில் உட்காருவதால் சுமையின் பெரும்பகுதி கையிலிருந்து இறங்கிவிடும்.

நடுவில் ஒரு கைப்பிடி மட்டும் உள்ள கேடயத்தை எந்தப் பக்கமும் வீசி மறைக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. முன்கையோடு பூட்டியதுபோல் கிடக்கும். அதனால் மூன்று விளைவுகள்:

1. கையை மடக்கிப் பிடித்தால் கேடயத்தின் ஒரு பாதி உடலைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தனி ஆளுக்கு அந்தப் பாதி வீண். இடப்பக்கம் ஒருவர் ஒட்டி நின்றால் அது அவருக்கு மறைப்பு.
2. அதே காரணத்தால் ஈட்டி பிடித்த வலப்பக்கம் திறந்து கிடக்கும். வலப்பக்கத்து ஆளின் கேடயம்தான் அதற்குக் கதி.
3. முதுகைக் காட்டி ஓடுபவருக்கு இந்தப் பெரிய வட்டம் வெறும் பாரம். உயிர் பிழைக்க ஓட வேண்டுமென்றால் முதலில் கேடயத்தைத்தான் எறிய வேண்டும்.

தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் இழந்தவனை விட்டுவிட்டு, கேடயத்தை இழந்தவனை மட்டும் ஏன் இழிவாகப் பார்க்கிறீர்கள் என்று ஸ்பார்ட்டா மன்னராக இருந்த டெமராட்டஸிடம் கேட்டார்களாம். அவற்றை மனிதன் தனக்காக அணிகிறான், கேடயத்தையோ வரிசை முழுவதற்காகவும் ஏந்துகிறான் என்றாராம். புளூட்டார்க் பிற்காலத்தில் எழுதிவைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, கேடயத்தின் அமைப்பை அறிந்தவர் சொன்ன பதில்.

வரிசை வலப்பக்கம் நகர்ந்தது ஏன்?

தோளோடு தோளாக நின்ற அணிக்கு ஃபாலங்ஸ் என்று பெயர். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் நிற்பது சாதாரண ஆழம். முன்னால் நிற்பவர் விழுந்தால் பின்னவர் அவர் இடத்துக்கு வருவார். ஏதென்ஸில் குலப்பிரிவு வாரியாக அணி வகுத்ததால் சுற்றிலும் தெரிந்த முகங்களே இருக்கும்.

பயிற்சி? ஏதென்ஸில் 18 வயது இளைஞர்களுக்கு அரசு அளித்த இரண்டாண்டுப் பயிற்சி பற்றிய தெளிவான விவரம் கி.மு. 330களில்தான் கிடைக்கிறது. அதற்கு முன்பு, நகரம் பொதுச் செலவில் போர்ப் பயிற்சி தருவதில்லை என்று வரலாற்றாசிரியர் செனோஃபோனின் எழுத்தில் சாக்ரடீஸே சொல்கிறார். விதிவிலக்கு ஸ்பார்ட்டா. அங்கே நிலத்தை உழுதவர்கள் ‘ஹெலட்’ எனப்பட்ட அடிமைக் குடிகள். உழைப்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டதால் குடிமக்களுக்குப் போரைப் பழக நேரம் இருந்தது. அந்தப் பழக்கமும் வாள்வீச்சில் அசகாய சூரத்தனம் அல்ல. சேர்ந்து நடப்பது, சேர்ந்து திரும்புவது, கட்டளையை வரிசையாகக் கீழே கடத்துவது, அவ்வளவுதான். மற்றவர்களிடம் அதுகூட இல்லை என்பதுதான் ஸ்பார்ட்டாவின் பலம்.

கி.மு. 418இல் மாண்டினியாவில் நடந்த போரில் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் மன்னர் ஏஜிஸ் தலைமையில் ஸ்பார்ட்டாவும் கூட்டாளிகளும். எதிரே ஆர்கோஸ், மாண்டினியா, ஏதென்ஸ் படைகள். ஆர்கோஸ்காரர்கள் ஆவேசத்தோடு பாய்ந்து வந்தார்கள் என்றும், ஸ்பார்ட்டாக்காரர்கள் குழலிசைக்கு ஏற்ப மெதுவாக நடந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். குழல் வழிபாட்டுக்காக அல்ல, கால் பிசகாமல் வரிசை குலையாமல் இருப்பதற்காக என்று விளக்கமும் தருகிறார்.

அதை ஒட்டித்தான் அவருடைய புகழ்பெற்ற கவனிப்பு வருகிறது. எந்தப் படையும் முன்னேறும்போது வலப்பக்கம் சாயும். ஒவ்வொருவரும் திறந்து கிடக்கும் தம் வலப்புறத்தை வலது பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒளிக்கப் பார்ப்பதே காரணம். தொடங்கி வைப்பவர் வலக்கோடியில் நிற்பவர். அவருக்கு மறைப்புத் தர ஆள் இல்லை, அதனால் எதிரியிடமிருந்து சற்று விலகிப் போகிறார். மற்றவர்கள் அதே பயத்தில் பின்தொடர்கிறார்கள். பல்லாயிரம் பேர் கொண்ட படையின் போக்கை ஓரத்தில் நின்ற ஒரு மனிதரின் அச்சம் திருப்பிவிடுகிறது. போர் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான வரிகள் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

இரண்டு படைகளும் வலப்பக்கம் நகர்ந்தால் இரண்டின் வலது சிறகும் எதிரியின் இடது சிறகைத் தாண்டி நீளும். தன் இடப்பக்கம் சூழப்படப் போகிறது என்று ஏஜிஸ் அஞ்சினார். இடக்கோடிப் பிரிவை இன்னும் இடப்பக்கம் நகரச் சொன்னார். அதனால் விழும் இடைவெளியை வலப்பக்கத்திலிருந்து இரண்டு பிரிவுகள் வந்து அடைக்க வேண்டும் என்றார். எதிரி நெருங்கிவிட்ட நேரம் அது. ஹிப்பொனோயிடஸ், அரிஸ்டோக்ளீஸ் என்ற இரு தளபதிகளும் நகரவில்லை. திறந்த இடைவெளியில் மாண்டினியர்களும், பொதுச் செலவில் பயிற்சி பெற்ற ஆயிரம் ஆர்கோஸ் வீரர்களும் புகுந்து இடது சிறகை வண்டிகள் நின்ற இடம் வரை விரட்டினார்கள். ஆனால் நடுவில் மன்னரைச் சூழ்ந்திருந்த ஸ்பார்ட்டாக்காரர்கள் முன்னேறியபோது எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் ஈட்டி தொடும் முன்பே திரும்பி ஓடினார்கள். சிலர் தப்பிக்கும் அவசரத்தில் மிதிபட்டார்கள். ஸ்பார்ட்டா வென்றது. நகராத இரு தளபதிகளும் கோழைத்தனம் காட்டியதாக நாடு கடத்தப்பட்டார்கள்.

மோதிய பிறகு என்ன நடந்தது?

அறிஞர்கள் இன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பண்டைய எழுத்தாளர்கள் ‘தள்ளுதல்’ என்ற சொல்லை அடிக்கடி ஆள்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

1. உண்மையாகவே தள்ளினார்கள் என்பது ஒரு தரப்பு. பின்வரிசையினர் முன்னவர் முதுகில் கேடயத்தை வைத்து நெருக்க, ரக்பி ஆட்டத்தில்போல் இரண்டு கூட்டமும் முட்டித் தள்ளும். குழிந்த கேடயம் மூச்சு விட இடம் தரும். 25 பேர், 50 பேர் என்று தீப்ஸ் ஆழப்படுத்திக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம்.
2. அது உவமை என்பது மறுதரப்பு. நாமும் ‘எதிரியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்’ என்று எழுதுகிறோம், யாரும் தோள் கொடுத்து முட்டியதாக அதற்குப் பொருள் இல்லை. ஓர் ஈட்டி தூரம் விட்டு நின்று குத்துவதும் விலகுவதுமாகத்தான் போர் நடந்திருக்கும். ஆழம் கூடினால் பின்வரிசை ஓடாது, முன்வரிசைக்கு ஓட வழியும் இராது.

இரண்டாவதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. மாண்டினியாவில் நடந்ததுபோல் மோதலுக்கு முன்பே ஒரு பக்கம் உடைந்துபோன போர்கள் இருக்கின்றன. உடலின் பலத்தைவிட நரம்பின் பலம்தான் அங்கே பேசியது. ஆனாலும் டீலியம் போன்ற களங்களில் கேடயத்தோடு கேடயம் மோதியதாகச் சான்று இருப்பதால், முதல் தரப்பை முழுதாகத் தள்ளிவிட முடியாது.

குழப்பம் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வது. சீருடை இல்லை, புழுதி, காதை மூடும் தலைக்கவசம். கி.மு. 424இல் டீலியத்தில் எதிரியைச் சுற்றி வளைத்த ஏதென்ஸ்காரர்கள், மறுபக்கம் சுற்றி வந்த தங்கள் ஆட்களையே எதிரி என்று நினைத்துக் கொன்றார்கள். கி.மு. 392இல் கொரிந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். பசிமாக்கஸ் என்ற ஸ்பார்ட்டா குதிரைப்படைத் தலைவர், தோற்று ஓடிய சிசியோன் நகரத்தாரின் கேடயங்களைத் தம் ஆட்களிடம் கொடுத்து ஆர்கோஸ்காரர்களை எதிர்த்தார். கேடயத்தில் சிசியோனின் முதலெழுத்து சிக்மா. இந்தச் சிக்மாக்கள் உங்களை ஏமாற்றப் போகின்றன, ஆர்கோஸ்காரர்களே என்று இரட்டைத் தெய்வங்கள் மீது ஆணையிட்டுச் சொல்லிவிட்டுப் பாய்ந்தார். எழுத்தைப் பார்த்துப் பலவீனமான எதிரி என்று எண்ணிய ஆர்கோஸ்காரர்கள் பயமின்றி வந்தார்கள். பசிமாக்கஸும் அவரோடு நின்ற சிலரும் அங்கேயே இறந்தார்கள்.

கி.மு. 394இல் கொரோனியாவில் நடந்ததை எழுதிய செனோஃபோன் தாமே அந்தப் போரில் இருந்தவர். கூச்சல் இல்லை, அமைதியும் இல்லை, கோபமும் போரும் சேர்ந்து எழுப்பும் ஒருவித ஓசை இருந்தது என்கிறார். முடிந்த பிறகு கண்டதையும் சொல்கிறார். ரத்தத்தால் சிவந்த மண், நண்பரும் பகைவருமாகப் பக்கம் பக்கமாகக் கிடந்த உடல்கள், உடைந்த கேடயங்கள், முறிந்த ஈட்டிகள். உறை இழந்த குத்துவாள்கள் சில தரையில் கிடந்தன, சில உடல்களில் செருகியிருந்தன, சில இன்னும் கையிலேயே இருந்தன.

தோற்றவர் கணக்கு

1985இல் பீட்டர் கிரென்ட்ஸ் என்ற ஆய்வாளர் கிடைத்த எண்களைத் தொகுத்துப் பார்த்தார். வென்ற பக்கம் சராசரியாக 5 விழுக்காடு, தோற்ற பக்கம் சுமார் 14 விழுக்காடு மாண்டிருந்தனர். வரிசை உடைந்து புறமுதுகு காட்டிய பிறகு விழுந்தவர்களே இந்த இடைவெளிக்குப் பெரிதும் காரணம். டீலியத்தில் தோற்றுத் திரும்பியபோது சாக்ரடீஸ் ஓடவில்லை. நண்பர் யார் பகைவர் யார் என்று அமைதியாக நோட்டம் விட்டபடி, லாக்கீஸ் என்பவரோடு நடந்தே வந்தார். தொட்டால் திருப்பி அடிப்பார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்ததால் யாரும் நெருங்கவில்லை என்று பிளேட்டோவின் எழுத்தில் சாக்ரடீஸின் நண்பர் ஆல்கிபியாடீஸ் சொல்கிறார். துரத்துபவர்கள் தலைதெறிக்க ஓடுபவர்களைத்தான் தேடுவார்கள்.

எதிரி திரும்பி ஓடத் தொடங்கிய இடத்தில், வென்றவர்கள் கைப்பற்றிய கவசங்களை ஒரு கம்பத்தில் மாட்டி வைப்பார்கள். ‘திரும்புதல்’ என்ற சொல்லிலிருந்து அதற்கு ‘ட்ரோபயோன்’ என்று பெயர். இன்றைய விளையாட்டுக் கோப்பையை டிராஃபி என்கிறோமே, அதன் மூதாதை. பிறகு ஒரு பக்கம் தூது அனுப்பி இறந்தவர் உடல்களைக் கேட்கும். கேட்டவர் தோற்றவர். அதைச் சொல்ல வேறு ஆவணம் தேவைப்படவில்லை.

கேடயத்தை எறிந்துவிட்டு வந்தவருக்கு ஏதென்ஸில் குடியுரிமை இழப்பு வரை தண்டனை உண்டு. ஆதாரமின்றி ஒருவரைக் ‘கேடயம் எறிந்தவன்’ என்று திட்டினால் 500 டிராக்மா அபராதம். கவிஞர் ஆர்கிலோக்கஸ் மட்டும் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே வெட்கப்படாமல் பாடிவிட்டார்: என் கேடயத்தைப் புதரோரம் விட்டு வந்தேன், உயிர் மிஞ்சியது, அதற்குச் சற்றும் குறையாத இன்னொன்றை வாங்கிக்கொள்வேன் என்று.

வரிசையில் தெரியாதவர்கள்

ஹாப்லைட் தனியாகப் போருக்குப் போனதில்லை. கேடயத்தையும் உணவு மூட்டையையும் சுமக்க ஓர் அடிமை கூடப் போவார். கி.மு. 479இல் பிளாட்டியாவில் 5,000 ஸ்பார்ட்டாக் குடிமக்களுக்கு ஆளுக்கு ஏழு ஹெலட் வீதம் 35,000 பேர் வந்ததாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். கேடயம் செய்தவர்களும் அடிமைகளே. ஏதென்ஸில் குடியேறிய அயல்நகரத்தவரான லிசியாஸின் குடும்பம் கேடயப் பட்டறை நடத்தியது. கி.மு. 404இல் ஏதென்ஸில் அதிகாரத்தைப் பிடித்த முப்பது பேர் குழுவின் ஆட்சி அவர்கள் சொத்தைப் பறித்தபோது 700 கேடயங்களும் 120 அடிமைகளும் அதில் அடக்கம்.

ஆயுதம் வாங்க முடியாத ஏழைக் குடிமக்கள் கப்பலில் துடுப்பு வலித்தார்கள். ஏதென்ஸின் வல்லமை கடலுக்கு மாறியதும் அரசியலில் அவர்கள் குரலும் உயர்ந்தது. செல்வர்களுக்கு இது பிடிக்கவில்லை. கி.மு. 411இல் மக்களாட்சி கவிழ்ந்து, சில மாதங்களில் ஆட்சி ‘ஐயாயிரவர்’ கைக்கு வந்தது. தகுதி ஒன்றே ஒன்று: சொந்தமாக ஆயுதம் வாங்கக்கூடியவராக இருக்க வேண்டும். கேடயம் வாக்குச்சீட்டாகவும் ஆன தருணம் அது. அடுத்த ஆண்டே துடுப்புக்காரர்களின் மக்களாட்சி திரும்பிவிட்டது.

எது முடிவுக்குக் கொண்டுவந்தது?

சமவெளியில், நேருக்கு நேர், இருபுறமும் ஒரே மாதிரிப் படை இருக்கும்வரை இந்த முறை செல்லுபடியானது. கி.மு. 425இல் ஸ்ஃபாக்டீரியா தீவில் ஏதென்ஸின் வில்லாளிகளும் எறியீட்டிக்காரர்களும் கிட்டே வராமலே ஸ்பார்ட்டாக்காரர்களைச் சரணடைய வைத்தார்கள். 292 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். கி.மு. 390இல் லெக்கேயம் அருகே ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரடீஸின் இலகு காலாட்படை, 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டாப் பிரிவில் சுமார் 250 பேரைச் சாய்த்தது. கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸின் எபமினோண்டஸ் தம் இடது சிறகை 50 பேர் ஆழத்துக்குக் குவித்து, ஸ்பார்ட்டா மன்னர் நின்ற வலது சிறகையே உடைத்தார். 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் 400 பேர் மாண்டார்கள்.

கி.மு. 338இல் கெரோனியாவில் எதிரே நின்றது மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப்பு, சம்பளத்துக்கு ஆண்டு முழுவதும் பழகிய நீள் ஈட்டிப் படையுடன். ஏதென்ஸ் தரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர், 2,000 பேர் பிடிபட்டனர். அந்த வரிசையில் நின்ற ஹாப்லைட்களில் ஒருவர் பேச்சாளர் டெமாஸ்தனீஸ். பிலிப்புக்கு எதிராக நகரத்தைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். ‘நற்பேறு’ என்று பொன்னெழுத்தில் பொறித்த கேடயத்தோடு போனவர், அதை எறிந்துவிட்டு ஓடினார் என்கிறார் புளூட்டார்க். எதிரிகள் அவரை வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லியே ஏசினார்கள். அந்தப் போரில் இறந்தவர்களுக்கு இரங்கலுரை ஆற்ற ஏதென்ஸ் தேர்ந்தெடுத்தது டெமாஸ்தனீஸைத்தான்.